பனிமூட்டத்தில் நின்றுபோகும் எஞ்சின்

“ஏறுறப்ப நிக்குதா தம்பி, எறங்குறப்ப நிக்குதா?”

ஹட்டனில் ஒரு சிறிய கராஜ். பொனட்டைத் திறக்காமல், ஸ்பேனரைக் கையில் எடுக்காமல், பழைய துணியில் விரல்களைத் துடைத்தபடி அந்த அண்ணன் கேட்ட முதல் கேள்வி இது. அதற்கு முன் மூன்று இடங்களில் காட்டியாகிவிட்டது. மூன்று இடத்திலும் கேள்விக்கு முன்னால் பொனட் திறந்தது. ஓரிடத்தில் பிளக் மாற்றினார்கள், இன்னோரிடத்தில் இக்னிஷன் கொயில், கடைசியில் பெற்றோல் பம்ப். காசு போனது. கார் நின்றுபோவது மட்டும் தொடர்ந்தது.

எண்பதுகளில் செய்த ஜப்பான் கார், காபரேட்டர் வைத்தது. 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நிறுத்தப்பட்டு, தனியார் கார்களுக்கு 2025 பெப்ரவரியில்தான் மீண்டும் வழி திறந்தது. இடைப்பட்ட ஐந்தாண்டில் மலையகத்தில் எங்களைப் போன்ற பலருக்கு வீட்டில் இருந்த பழைய வண்டியை எப்படியாவது ஓடவைப்பதைத் தவிர வேறு வழி இருக்கவில்லை. ஓடும்போது எங்கள் கார் நன்றாகவே ஓடும். கொட்டகலையைத் தாண்டி, டெவன் நீர்வீழ்ச்சியைப் பார்க்க ஆட்கள் நிறுத்துகிற இடத்துக்குப் பக்கத்தில், எதிரே வரும் பஸ்ஸுக்கு வழிவிட அக்சிலேட்டரிலிருந்து காலை எடுத்தால், எஞ்சின் இரண்டு மூன்று தடவை குலுங்கும், பிறகு நின்றுவிடும். எல்லா நாளும் அல்ல. நாலு நாள் ஒன்றும் இருக்காது, ஐந்தாம் நாள் நிற்கும். பத்து நிமிடம் பொறுத்து சாவியைத் திருப்பினால் எதுவுமே நடக்காததுபோல் ஸ்டார்ட் ஆகும். கராஜுக்குக் கொண்டுபோனால் மணிக்கணக்கில் நிற்காமல் ஓடும். கொழும்புக்குக் கொண்டுபோனால் அந்தப் பேச்சே இல்லை.

விட்டு விட்டு வரும் காய்ச்சலுக்கு மருத்துவர் முதலில் கேட்பது, எத்தனை மணிக்கு ஏறுகிறது, எத்தனை நாளுக்கொருமுறை வருகிறது என்பதைத்தான். விட்டு விட்டு வரும் எஞ்சின் கோளாறுக்கும் அதுவே சரியான தொடக்கம். நிரந்தரமாகப் பழுதான பாகத்தைக் கண்டுபிடிப்பது எளிது, அது எப்போதும் பழுதாகவே இருக்கும். வந்து வந்து மறைகிற கோளாறுக்கு ஏதோ ஒரு நிபந்தனை இருக்கிறது. சூடு, குளிர், ஈரம், சரிவு, உயரம், பாரம் இவற்றில் ஏதோ ஒன்று சேரும்போது அது தலைகாட்டுகிறது. அந்த நிபந்தனையைக் கண்டுபிடித்தாலே பாதி வேலை முடிந்தது. அதைக் கண்டுபிடிக்கும் இடத்தில் இருப்பவர் மெக்கானிக் அல்ல, வண்டியை ஓட்டுகிறவர்.

அண்ணன் எனக்கு ஒரு வேலை கொடுத்தார். பிள்ளைகளின் அப்பியாசக் கொப்பி ஒன்றைக் காருக்குள் வைக்கவேண்டும். நிற்கும்போதெல்லாம் திகதி, நேரம், இடம், வெயிலா பனியா, ஸ்டார்ட் செய்து எத்தனை நிமிடம், கால் எங்கே இருந்தது, லைட் எரிந்ததா, மறுபடி ஸ்டார்ட் ஆக எவ்வளவு நேரம் என்று எழுதவேண்டும். “மூணு கிழமை எழுதுங்க. அதுவரைக்கும் ஒரு சாமானும் மாத்த வேணாம்” என்றார்.

எஞ்சின் ஏன் ஓடும்போது நிற்காமல் சும்மா இருக்கும்போது நிற்கிறது என்பதை முதலில் பார்த்துவிடலாம். அக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தபின் எஞ்சின் தானாக மெல்ல ஓடுவதை எங்கள் கராஜ்களில் ‘ஸ்லோ’ என்பார்கள். “ஸ்லோ நிக்க மாட்டேங்குது” என்றால் இந்தக் கோளாறுதான். பெரும்பாலான கார்களில் அந்த வேகம் நிமிடத்துக்கு 700 முதல் 850 சுற்று. அந்த வேகத்தில் எஞ்சின் எரிக்கும் பெற்றோல் தன் சொந்த உராய்வை வெல்வதற்கு மட்டும் போதுமானது. பிஸ்டன் சிலிண்டரில் உரசுவதற்கும், ஒயில் பம்பையும் தண்ணீர் பம்பையும் சுற்றுவதற்கும், வால்வுகளின் ஸ்பிரிங்கை அமுக்குவதற்கும் அது செலவாகிவிடும். கையிருப்பு என்று எதுவும் மிஞ்சாது. திரியைக் கீழே இறக்கிவிட்ட மண்ணெண்ணெய் விளக்கைப் போன்ற நிலை அது. திரி உயர்ந்திருக்கும்போது தாங்குகிற காற்றை இறக்கிய திரி தாங்காது.

இன்னொன்றும் உண்டு. ஸ்லோவில் த்ரொட்டில் என்ற வளிக்கதவு ஏறக்குறைய மூடியிருக்கும். கதவின் ஓரத்தில் மயிரிழை அளவு இடைவெளி, பக்கத்தில் ஒரு சிறு துவாரம், அவ்வளவுதான் எஞ்சின் மூச்சுவிடும் வழி. சிலிண்டருக்குள் புதுக்கலவை குறைவாக வருவதால், முந்திய எரிதலின் புகை அதற்குள் கணிசமாகத் தங்கிவிடும். அந்தப் புகை கலந்த கலவை மெதுவாகவும் ஒவ்வொரு தடவையும் வெவ்வேறு விதமாகவும் எரியும். வேகமாக ஓடும்போது ஒரு சிறு குழாய் வெடிப்பு வழியாக உள்ளே போகும் திருட்டுவளி, மொத்த வளியோடு ஒப்பிட்டால் பொருட்டே அல்ல. ஸ்லோவில் அதே வெடிப்பு மொத்த வளியில் ஐந்தில் ஒரு பங்கைக் கொண்டுவந்து சேர்த்துவிடலாம். ஆகவே எஞ்சினின் சின்னச் சின்னக் குறைகள் எல்லாம் முதலில் ஸ்லோவில்தான் தெரியவரும்.

பனிமூட்டம் இறங்கியதும் மலைப்பாதையில் பகலிலேயே ஹெட்லைட் போடுகிறோம், வைப்பர் போடுகிறோம், கண்ணாடியில் படியும் ஆவியைப் போக்க புளோவரைப் போடுகிறோம். இவை எல்லாவற்றுக்குமான மின்சாரத்தை ஓல்ட்டனேட்டர் எஞ்சினிடமிருந்துதான் பிடுங்குகிறது. ஹெட்லைட் இரண்டுக்கு மட்டும் 110 வாட் வேண்டும். ஓல்ட்டனேட்டரின் இழப்பையும் சேர்த்தால் எஞ்சின் கொடுக்கவேண்டியது ஏறக்குறைய 200 வாட். ஓடும் எஞ்சினுக்கு அது தெரியவே தெரியாது. ஏற்கெனவே தள்ளாடும் ஸ்லோவை அது கவிழ்த்துவிடும். கொப்பியில் ‘லைட் எரிந்ததா’ என்ற கேள்வி இதற்காகத்தான்.

மலை இதில் என்ன செய்கிறது? கொழும்பு கடல் மட்டத்தில் இருக்கிறது. ஹட்டன் ஏறக்குறைய 1,270 மீற்றர் உயரத்தில், நுவரெலியா 1,868 மீற்றர் உயரத்தில். நுவரெலியாவில் வளிமண்டல அமுக்கம் கடலோரத்தில் இருப்பதில் ஐந்தில் நான்கு பங்குதான். தண்ணீர் அங்கே 94 பாகை செல்சியஸ் அளவிலேயே கொதித்துவிடும், பருப்பு வேக நேரமெடுப்பது அதனால்தான். குளிர் வளியை நெருக்குவதால் கொஞ்சம் ஈடாகும். அப்படியும் ஒரு லீற்றர் நுவரெலியா வளியின் எடை ஒரு லீற்றர் கொழும்பு வளியின் எடையில் ஆறில் ஒரு பங்கு குறைவு. எஞ்சினுக்குக் கிடைக்கும் ஒட்சிசனும் அதே அளவுக்குக் குறைகிறது.

காபரேட்டருக்கு இது தெரியாது. அது வளியின் எடையை அளப்பதில்லை. ஒடுங்கிய கழுத்து வழியாக வளி விரைந்து போகும்போது உண்டாகும் அமுக்கக் குறைவினால் பெற்றோலை உறிஞ்சி விடுகிறது. அந்தக் கணக்கின்படி வளியின் அடர்த்தி குறையும்போது பெற்றோலும் குறையும், ஆனால் அதே விகிதத்தில் அல்ல, அதன் வர்க்கமூலத்தின் விகிதத்தில்தான். ஆகவே மேலே போகப் போகக் கலவையில் பெற்றோல் கூடிக்கொண்டே போகும். கொழும்பில் ஒரு பங்கு பெற்றோலுக்கு 14.7 பங்கு வளி என்று சரியாக வைத்த காபரேட்டர், நுவரெலியாவில் ஏறக்குறைய 13.4 பங்கு வளியோடு ஓடும். பத்து வீதம் அளவுக்குக் கனத்த கலவை. புகைபோக்கியில் கரி படியும், பிளக் கறுக்கும், ஸ்லோ தடுமாறும். ஏப்ரல் மாதத்தில் நுவரெலியாவில் நடக்கும் மககஸ்தொட்ட மலையேற்ற மோட்டார் பந்தயம் 1930களில் தொடங்கியது. காபரேட்டர் வண்டியோடு அங்கே ஓடவருகிறவர் அந்த உயரத்து வளிக்கேற்ற ஜெட்டைத் தேர்ந்துகொள்ளாவிட்டால் மேட்டிலேயே மூச்சுத்திணறிப்போவார்.

கொழும்பில் தொழில் பழகிய மெக்கானிக் இங்கே சறுக்கும் ஓர் இடத்தையும் சொல்லவேண்டும். எஞ்சினின் நலத்தைப் பார்க்க வெற்றிட அளவி என்று ஒரு கருவி உண்டு. நல்ல எஞ்சின் கடலோரத்தில் ஸ்லோவில் 18 முதல் 20 அங்குல இரசம் காட்டும். ஆயிரம் அடி ஏறினால் ஏறக்குறைய ஓர் அங்குலம் குறையும். நுவரெலியா 6,100 அடிக்கு மேலே. அங்கே 12 முதல் 14 காட்டினால் அது நல்ல எஞ்சின். புத்தகத்தில் போட்டிருக்கும் எண்ணைப் பார்த்து “ரிங் தேய்ஞ்சிருச்சு, எஞ்சினைப் பிரிக்கணும்” என்று சொல்லிவிடுகிறார்கள். பிரிக்கவேண்டிய தேவையே இல்லாத எத்தனை எஞ்சின்கள் இப்படி மேசைக்கு ஏறியிருக்கும் என்று நினைத்தாலே வயிறு எரிகிறது.

மூன்று கிழமை முடிந்தது. கொப்பியில் ஏழு வரிகள். ஏழும் காலை ஒன்பதுக்கு முன் அல்லது மாலை ஐந்துக்குப் பின். ஏழிலும் பனிமூட்டம். ஸ்டார்ட் செய்து பதினைந்து முதல் இருபத்தைந்து நிமிடத்துக்குள். சீராக ஓடிவந்து கால் எடுத்த கணத்தில். வெயில் நாளில் ஒன்றுகூட இல்லை. பலத்த மழை பெய்த இரண்டு நாளிலும் இல்லை.

அண்ணன் அந்தப் பக்கத்தை இரண்டு தடவை வாசித்தார். மழையில் நிற்காதது அவருக்கு முக்கியமாகப் பட்டது. வயரிலோ டிஸ்ட்ரிபியூட்டரிலோ ஈரம் ஏறுகிறதென்றால் மழையில்தான் முதலில் நிற்கவேண்டும். பிறகுதான் பொனட்டைத் திறந்தார். ஏர் பில்டர் டப்பாவின் மூக்குப் போன்ற குழாயைக் காட்டினார். அதன் அடிப்பக்கத்தில் இன்னொரு வாய், ஒன்றும் பொருத்தப்படாமல் திறந்து கிடந்தது. “இதுல ஒரு ட்யூப் இருந்திருக்கணும். சைலன்சர் வேர்ல இருந்து சூட்டுக் காத்து வர்ற ட்யூப். யாரோ கழட்டி எறிஞ்சிட்டாங்க.”

அதோடு அவர் நிறுத்திக்கொள்ளவில்லை. ஊகம் சரியா என்று பார்க்கவேண்டும் என்றார். மறுநாள் காலை ஆறரைக்கு என்னோடு காரில் ஏறினார். கொட்டகலையைத் தாண்டியதும் பனி இறங்கியது, தேயிலை மலைகள் மறைந்தன, முன்னால் போகும் லொறியின் சிவப்பு விளக்கு மட்டும் தெரிந்தது. ஒரு வளைவில் கால் எடுத்தேன். குலுங்கி நின்றது. ஓரங்கட்டியதும் அவர் இறங்கி ஓடி, ஏர் பில்டர் மூடியின் திருகைக் கழற்றி, காபரேட்டரின் வாய்க்குள் டோர்ச் அடித்தார். என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். உள்ளே, பித்தளை நிறத் த்ரொட்டில் தகட்டைச் சுற்றி, வெள்ளை வளையம். உப்புத் தூளைத் தூவியதுபோல் இருந்தது. காபரேட்டரின் வெளிப்பக்கம் முழுவதும் வியர்த்திருந்தது, தொட்டால் விரல் சில்லிட்டது. நாங்கள் பார்த்துக்கொண்டிருக்கும்போதே வளையம் மங்கி, துளியாகி, உள்ளே வழிந்துவிட்டது. ஏழு நிமிடம். சாவியைத் திருப்பினார், ஓடியது. கராஜ்களில் யாருக்கும் அகப்படாத கோளாறு அந்த ஏழு நிமிடத்துக்குள் கரைந்துபோகும் பனிக்கட்டி.

வெளியே உறைபனி இல்லை. ஜனவரி, பெப்ரவரியில் நுவரெலியாப் பக்கம் சில விடியற்காலைகளில் தரையில் உறைபனி படிந்து தேயிலைத் துளிர் கருகுவதுண்டு. ஆனால் அன்று காலை குளிர் 14 பாகை அளவுதான் இருந்திருக்கும். பின் எங்கிருந்து வந்தது பனிக்கட்டி?

விரலில் பெற்றோல் பட்டால் சில்லென்று இருப்பது எல்லோருக்கும் தெரியும். திரவம் ஆவியாகும்போது சுற்றியிருப்பதிலிருந்து வெப்பத்தை எடுத்துக்கொள்கிறது, மறை வெப்பம் என்று பள்ளியில் படித்ததுதான். ஒரு கிலோ பெற்றோல் ஆவியாவதற்கு ஏறக்குறைய 350 கிலோயூல் வேண்டும். அதோடு சேரும் 14.7 கிலோ வளியை ஒரு பாகை குளிரவைக்க 15 கிலோயூல் எடுத்தால் போதும். வகுத்துப் பார்த்தால் 23, 24 பாகை வருகிறது. பெற்றோல் முழுவதும் காபரேட்டருக்குள்ளேயே ஆவியாகிவிடாது, ஈரம் நீராகப் படியும்போது கொஞ்சம் வெப்பத்தைத் திருப்பியும் கொடுக்கும், ஆகவே வீழ்ச்சி அதைவிடக் குறையும். த்ரொட்டிலின் ஒடுங்கிய இடைவெளியைக் கடக்கும்போது வளி விரிந்து இன்னும் கொஞ்சம் குளிரும். 14 பாகை வளி பூச்சியத்துக்குக் கீழே போக இது போதும். கொழும்பில் வளி 28 பாகை. முழுக் கணக்கையும் கழித்தாலும் பூச்சியத்துக்கு மேலேதான் நிற்கும். கார் அங்கே ஏன் நிற்கவில்லை என்பதற்கு விடை இந்தக் கழித்தலில் இருக்கிறது.

இரண்டாவது தேவை ஈரம். பனிமூட்டத்துக்குள் இருக்கும் வளி தன்னால் தாங்கக்கூடிய முழு நீராவியையும் சுமந்திருக்கும். 14 பாகையில் அது ஒரு கனமீற்றருக்கு 12 கிராம். பூச்சியத்தில் 5 கிராமைக்கூடத் தாங்காது. மீதி ஏழு கிராமும், ஏற்கெனவே மிதக்கும் நுண்துளிகளும், காபரேட்டருக்குள்தான் விழவேண்டும். ஒன்றரை லீற்றர் எஞ்சின் சாதாரண ஓட்டத்தில் நிமிடத்துக்கு ஒரு கனமீற்றருக்குக் கிட்டத்தட்ட வளியை இழுக்கிறது. அதில் சிறு பங்கு தகட்டில் ஒட்டி உறைந்தாலே போதும். ஓடும்போது கதவு திறந்திருப்பதால் ஓட்டுகிறவருக்கு ஒன்றும் தெரியாது. கால் எடுத்ததும் கதவு மூடுகிறது, மயிரிழை இடைவெளியைப் பனிக்கட்டி ஏற்கெனவே அடைத்து வைத்திருக்கிறது, எஞ்சின் மூச்சடைத்து நிற்கிறது. நின்றபின் கீழே உள்ள எஞ்சினின் சூடு மேலேறி, தடயத்தைக் கரைத்துவிடுகிறது. மழை நாளில் வரவில்லை என்பதற்கும் எங்கள் மட்டில் ஒரு விளக்கம் கிடைத்தது. பலத்த மழை பெய்த அந்த இரண்டு நாளும் நான் கார் எடுத்தது நடுப்பகலில், கீழே கினிகத்தேனைப் பக்கம்.

விமானிகளுக்கு இது புதிதல்ல. காபரேட்டர் வைத்த சிறு விமானங்களில் சூட்டுவளியை உள்ளே விட ஒரு தனி நெம்புகோலே உண்டு. 20 பாகைக்கு மேலான நாளில்கூட, வளி ஈரமாக இருந்து எஞ்சினைத் தணித்து இறங்கும்போது, காபரேட்டரில் பனி கட்டலாம் என்று பயிற்சியிலேயே சொல்லிக்கொடுக்கிறார்கள். கார் செய்தவர்களும் அதே காரணத்தால்தான் அந்தச் சூட்டுவளிக் குழாயை வைத்தார்கள். வெப்ப நாட்டுக்கு இது எதற்கு என்று கீழ்நாட்டில் யாரோ கழற்றியிருக்கிறார்கள். அங்கே அது சரியான முடிவாகக்கூட இருக்கலாம். நாடு முழுவதும் வெப்ப நாடு அல்ல என்பது மலையில் வாழ்கிற நமக்குத் தெரியும்.

அண்ணன் தகரத்தை வளைத்து எக்ஸோஸ்ட்டைச் சுற்றி ஒரு கவசம் செய்து, நெளிகுழாய் ஒன்றை வாங்கி அந்தத் திறந்த வாயோடு இணைத்தார். மாற்றிய கொயிலின் விலையில் பத்தில் ஒன்று.

இனி புதிய வண்டிகள். இன்ஜெக்‌ஷன் கார்களில் காபரேட்டர் இல்லை, பெற்றோல் வால்வின் பக்கத்தில் விசிறப்படுவதால் த்ரொட்டிலில் பனி கட்டும் தொல்லையும் பெரும்பாலும் இல்லை. உயரத்தையும் கணினி உணரி வழியாக அறிந்து பெற்றோலைக் குறைத்துக்கொள்கிறது. ஆனாலும் அவையும் ஸ்லோவில் நிற்கின்றன. நம் மலைப்பாதையில் அதிகம் காண்பது கரி அடைத்த த்ரொட்டில்தான். எஞ்சினின் ஒயில் ஆவியை மீண்டும் உள்ளிழுக்கும் குழாய் வழியாக வரும் பிசுக்கு, தகட்டின் விளிம்பில் கறுப்பு வளையமாகப் படிகிறது. பனி செய்ததை இங்கே கரி செய்கிறது, ஆனால் கரி கரைந்து மறையாது. அதனால் கணினி ஸ்லோ வளி வால்வை மெல்ல மெல்லத் திறந்து ஈடுகட்டிக்கொண்டே வரும். ஈடுகட்ட முடியாத எல்லை வந்தபின்தான் நமக்குத் தெரியும். பற்றரியைக் கழற்றி மாற்றியதும் கார் ஸ்லோவில் நிற்கத் தொடங்கினால் புது பற்றரியைக் குறைசொல்ல வேண்டாம். பல கார்களில் கணினி இத்தனை காலம் கற்றுவைத்த ஈட்டை மின்சாரம் போனதும் மறந்துவிடுகிறது. த்ரொட்டிலைச் சுத்தம் செய்து, ஸ்லோவை மறுபடி கற்க விடவேண்டும்.

திருட்டுவளியைப் பிடிக்க ஸ்கேனர் நல்ல கருவி, வாசிக்கத் தெரிந்தால். வெறும் கோட் எண்ணைப் பார்த்துப் பாகம் மாற்றுவது வாசிப்பது ஆகாது. எரிபொருள் திருத்தம் என்று ஒரு வீதம் அதில் வரும். கணினி தன் கணக்குக்கு மேலே எவ்வளவு பெற்றோலைக் கூட்டிக் கொடுக்கிறது என்பதைச் சொல்வது அது. பத்து வீதத்துக்குள் இருந்தால் பொதுவாகக் கவலையில்லை. ஸ்லோவில் கூட்டல் 20 என்று நின்று, 2,500 சுற்றுக்கு ஏற்றியதும் 3, 4க்கு இறங்கினால், எங்கோ குழாய் வெடித்து வளி திருட்டுத்தனமாக நுழைகிறது. வேகம் கூடக் கூட அந்த வளி பொருட்டில்லாமல் போவதால் திருத்தமும் குறைகிறது. மாறாக வேகத்தோடு கூட்டலும் ஏறினால் பெற்றோல் பம்பையோ பில்டரையோ பார்க்கவேண்டும். வளியின் எடையை நேரடியாக அளக்கும் கார்களுக்கு இந்தக் கணக்கு நன்றாகப் பொருந்தும். உட்குழாயின் அமுக்கத்தை மட்டும் அளக்கும் கார்களில் வளி நுழைந்தால் ஸ்லோ வேகம் ஏறுவதுதான் பெரும்பாலும் முதல் அறிகுறி. வெடிப்பைத் தேடக் காபரேட்டர் கிளீனரைச் சூட்டு எஞ்சினில் அடிக்கும் பழக்கம் நெருப்பில் முடியலாம். புகையைச் செலுத்திப் பார்ப்பது பாதுகாப்பானது, அதற்கு வசதியில்லாவிட்டால் குழாய்களை ஒவ்வொன்றாக இடுக்கியால் நசுக்கிப் பாருங்கள்.

டிஸ்ட்ரிபியூட்டர் வைத்த பழைய வண்டி ஈரத்தில் நின்றால் அதற்கும் ஓர் அழகான சோதனை உண்டு. இரவில் கராஜ் விளக்கை அணைத்துவிட்டு, எஞ்சின் ஓடும்போது, பூச்செடிக்கு அடிக்கும் புட்டியால் வயர்கள் மேல் நீரைப் பூப்போல விசிறவேண்டும். மூடியில் மயிரிழை விரிசல் இருந்தால் நீலப் பொறி அதன் மேல் ஊர்ந்து ஓடுவது கண்ணுக்குத் தெரியும். உயர் மின்னழுத்தம் என்பதால் கையை விலக்கி வைக்கவேண்டும். இன்னொரு வகை, சூடேறியபின் மட்டும் நின்று, ஆறியபின் ஓடுவது. கிராங்க் உணரியோ கொயிலோ சூட்டில் உள்ளே அறுந்துபோவது அதற்கு வழமையான காரணம். 2022 எரிபொருள் நெருக்கடியில் கேன்களிலும் போத்தல்களிலும் பெற்றோல் சேர்த்து வைத்தோம். அந்தப் பெற்றோலோடு கலந்து வந்த நீர் டேங்கின் அடியில் கிடந்து, சரிவில் மட்டும் பம்பின் வாய்க்கு வரும். ‘ஏறுறப்பவா எறங்குறப்பவா’ என்ற கேள்வி அதையும் பிடித்துவிடும்.

எறங்குவதைப் பற்றித்தான் கடைசியாகச் சொல்லவேண்டியிருக்கிறது. அந்த நெருக்கடிக் காலத்தில் கியூ.ஆர். குறியீட்டுக்கு வாரத்துக்குச் சில லீற்றர்தான் கிடைத்தது. அப்போது இறக்கத்தில் நியூட்ரலில் விடும் பழக்கம் பலருக்கு ஒட்டிக்கொண்டது. இன்ஜெக்‌ஷன் காரில் இதனால் மிச்சமே கிடையாது. கியரில் இருந்தபடியே அக்சிலேட்டரிலிருந்து கால் எடுத்தால் சக்கரமே எஞ்சினைச் சுழற்றும், கணினி பெற்றோலை முழுதாக நிறுத்திவிடும். நியூட்ரலில் விட்டால் எஞ்சின் ஸ்லோவில் ஓடுவதற்குப் பெற்றோல் எரிந்தே ஆகவேண்டும். மிச்சமில்லாதது ஒருபுறம். ஸ்லோவில் நிற்கும் வருத்தமுள்ள கார் நியூட்ரலில் இறங்கும்போது நின்றுவிட்டால், பிரேக்குக்கு உதவும் வெற்றிடம் இரண்டு மூன்று மிதியோடு தீர்ந்துவிடும், பவர் ஸ்டியரிங் கல்லாகிவிடும். கினிகத்தேனைக்கும் கித்துல்கலைக்கும் இடையில், ரம்பொடை இறக்கத்தில், நானுஓயாவிலிருந்து லிந்துலைக்கு வரும் வளைவுகளில் அது நேர்ந்தால் என்ன ஆகும் என்று இந்தப் பாதைகளில் வளர்ந்தவர்களுக்குச் சொல்லத் தேவையில்லை.

ஆகவே ஸ்லோ தடுமாறும் வண்டியைத் தள்ளிப்போடாமல் காட்டுங்கள், கொப்பியோடு போய்க் காட்டுங்கள். இறக்கத்தில் எப்போதும் கியரிலேயே வாருங்கள். இறங்கும்போது எஞ்சின் நின்றேவிட்டால் பிரேக்கை விட்டு விட்டு மிதிக்காதீர்கள், ஒரே மிதியாக அழுத்திப் பிடியுங்கள். மிதி கல்லுப்போல் இறுகினாலும் பிரேக் வேலை செய்யும், பலம் மட்டும் அதிகம் வேண்டும். கியரைக் கழற்றவேண்டாம், ஹேண்ட் பிரேக்கை மெல்ல மெல்ல இழுத்து இடதோரமாக ஒதுக்குங்கள். வண்டி முழுதாக நிற்கும்வரை சாவியை மட்டும் கழற்றிவிடாதீர்கள், ஸ்டியரிங் பூட்டிக்கொள்ளும்.